கொடுத்த நோட்டீசைத் திரும்பக் கேட்டு

நன்கொடை கேட்க இனிமேல் ஆள் போக வேண்டாம், தபாலில் கடிதம் அனுப்பினால் போதும் என்று எங்கள் சங்கத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி டைப் அடிப்பதில் கெட்டிக்காரர். அவர் ஒரு நாள் என்னிடம், "இத்தினி வருசம் கட கடையா போனீங்களே, அங்க இன்னா பேசுவீங்க? எழுதிக் குடுங்க, கடிதாசுல சேத்துக்கறேன்" என்று கேட்டார். நான் ஒன்றும் பேசினதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. நம்பும்படியாக எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் ஆண்டு மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

ஆரணியில் பட்டுக் கடைக்காரர்களும் அரிசி மில்காரர்களும் இரண்டு டாக்டர்களும் ஒரு வக்கீலும் சேர்ந்து நடத்திய சங்கம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். ஹாலைத் திறந்து பெருக்கி ஜமக்காளம் விரிப்பது, கூட்டம் என்றால் சைக்கிளில் போய் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி வருவது, இவ்வளவுதான் வேலை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணே என்னிடம் முதலில் பேசினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர் தேசூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள சமணக் குடும்பத்துக்காரர். ஊரில் எல்லோரும் அவரை நயினார் என்றே சொல்வார்கள். ஒரு நாள் நன்கொடை கேட்கப் போகும்போது ரசீது புத்தகத்தை என் கையில் கொடுத்து, கூட வா என்றார். நான் தயங்கினேன்.

"எனக்குப் பேச வராதுங்க."

"அதுக்குத்தான் கூப்பிடறேன். போன வருசம் வந்தவன் ஒண்ணுக்கு நாலா பேசுவான். கடைக்காரங்களும் பதிலுக்கு நாலு பேசி அனுப்பிட்டாங்க. நீ வந்து சும்மா நில்லு."

அன்றிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் அவர் பின்னால் சும்மா நின்றேன். அதுதான் என் படிப்பு.

நயினாருக்குச் சில முறைகள் உண்டு. காலையில் எந்தக் கடைக்குள்ளும் நேராக நுழைய மாட்டார். எதிரில் சைக்கிள் கடையில் நின்று கொண்டு, முதல் வியாபாரம் ஆகி யாராவது பொட்டலத்தோடு வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். போணி ஆகாத கடையில் கேட்கக் கூடாது. ஒரு தடவை கண் சிகிச்சை முகாமுக்காக ஒரு பட்டுக் கடைக்கு எதிரில் மத்தியானம் இரண்டு மணி வரை நின்றோம். ஒருவரும் வாங்கவில்லை. "நாளைக்கு வரலாம்" என்று திரும்பிவிட்டார். மறுநாள் போனபோது அந்தக் கடைக்காரரே வாசலுக்கு வந்தார். "நேத்து எதிர்ல நின்னுகினு இருந்தீங்களே, போணி ஆவலைன்னுதானே உள்ள வர்ல? வாங்க, குந்துங்க" என்றார். முகாமுக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இரண்டு நாள் சாப்பாடு அவருடையது.

மருமகன் பக்கத்தில் இருக்கும்போது மாமனாரிடம் கேட்க மாட்டார். "கேட்டா குடுப்பாரு. வெக்கத்துக்குக் குடுப்பாரு. அது நமக்கு வேணாம்" என்பார். என்ன காரியம் என்பதை ஒரே தடவை சொல்வார். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்கப்பட்டவர் கணக்கு நோட்டைப் புரட்டுவார், தொண்டையைக் கனைப்பார், மின்விசிறியைப் பார்ப்பார். நயினார் வாயே திறக்க மாட்டார். ஏன் என்று வெளியே வந்து ஒரு நாள் கேட்டேன். "அவரு அவங்க அப்பாகிட்டயோ, பொஞ்சாதிகிட்டயோ மனசுல பேசிகினு கீறாரு. நடுவுல நாம பூரக் கூடாது" என்றார். சூரியன் சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் ஐந்து மணிக்கு எந்தக் கடையில் எந்தப் பேச்சு நடந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

இன்னொரு முறையும் உண்டு. யாருக்காகக் கேட்கிறோமோ அவர் பெயரைச் சொல்ல மாட்டார். கேட்டால், "ஊருப் புள்ளைங்களுக்கு" என்று மட்டும் சொல்வார். அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது பின்னால்தான்.

குடிசைகள் எரிந்தபோது கீற்றும் மூங்கிலும், பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, கண் முகாம் என்று பல காரியங்களுக்காக நடந்திருக்கிறோம். எனக்குப் பிடித்தது கோடை வகுப்புதான். மதராஸில் ஒரு கல்லூரியில், கணக்கும் விஞ்ஞானமும் நன்றாக வருகிற பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து, தேறினவர்களை மே மாதம் முழுவதும் அங்கேயே தங்க வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் ஊரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். பஸ் சார்ஜ், சாப்பாட்டுச் செலவு, ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு செட் துணி சங்கத்தின் பொறுப்பு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மூன்று பேர் தேறினார்கள். அதில் ஒன்று பெண். பெயர் கஸ்தூரி. ஊரில் முதல் தரமான நெசவாளி என்று பெயர் எடுத்த ஏகாம்பரத்தின் மகள். முகூர்த்தப் புடவை என்றால் கடைக்காரர்கள் அவர் தறியைத்தான் நினைப்பார்கள்.

அமாவாசை அன்று தறி ஓடாது. அன்றுதான் நெசவாளிகளை வீட்டில் நிதானமாகப் பார்க்க முடியும். நயினாரும் நானும் போனோம். ஏகாம்பரம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எல்லாப் புள்ளைக்கும் செய்றதத்தானே இவளுக்கும் செய்றீங்க? தனியா ஒண்ணும் இல்லியே?"

"இல்லப்பா. எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் நயினார்.

"அப்ப போய்ட்டு வரட்டும். இவளுக்குப் பதிலா தறிக்கு எதிர்ப் பக்கம் குந்திக் கரை போட எங்க வூட்டம்மா கீது." அவர் மனைவி கோவிந்தம்மா உள்ளேயிருந்து, "ஆமா, நான் குந்திகினே இருக்கறேன், சோறு தானா வேவும்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டு நாள் கழித்து நயினாரின் மகளுக்குப் பிரசவம் என்று தேசூரிலிருந்து ஆள் வந்தது. அவர் புறப்படும்போது, "வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆவும். நீயே போய் வாங்கி வை" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

முதல் நாள் ஒரு ஜவுளிக் கடைக்குள் போய் நின்றேன். போணி ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். கடைக்காரர், "இன்னா வேணும்?" என்று கேட்டார். அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வரவில்லை. கைக்குட்டை என்றேன். எடுத்துப் போட்டார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கடையில் பனியன். அன்று சாயங்காலம் என் மனைவி துணிகளைப் பார்த்துவிட்டு, "தீபாவளி இப்பவே வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எனக்குப் பதிலாகக் காகிதம் பேசட்டும். அச்சகத்துக்குப் போய்க் கம்பாசிட்டரிடம் விவரம் சொன்னேன். "பேரு போடணும்யா. ஊருப் புள்ளைங்கன்னு போட்டா யாருக்கு வலிக்கும்? படிச்சா கண்ணுல தண்ணி வரணும், அப்பதான் கை ஜோபிக்குப் போவும்" என்று அவரே எழுதினார்.

"ஒருவேளைக் கஞ்சிக்கும் வழியின்றி வறுமையில் வாடும் நெசவாளி ஏகாம்பரத்தின் மகள் செல்வி கஸ்தூரியின் கல்விக் கனவு நிறைவேற உதவிக்கரம் நீட்டுவீர்."

படித்துப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. ரோஸ் நிறத் தாளில் இருநூறு அடித்து வாங்கினேன்.

வேலை சுலபமாகிவிட்டது. நோட்டீசைக் கொடுப்பேன், அவர்கள் படிப்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள், கொடுப்பார்கள். நான் பேசவே வேண்டியதில்லை. முடி திருத்தும் கடையிலும் டீக்கடையிலும் அவர்களே கேட்டு வாங்கி ஒட்டினார்கள். மூன்றே நாளில் வேண்டியது சேர்ந்துவிட்டது. நயினார் வந்தால் அசந்து போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது நாள் ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் வந்தார். பின்னால் கஸ்தூரி. அவர் சட்டைப் பையிலிருந்து ரோஸ் தாளை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"இத யாரு எழுதனது?"

"கம்பாசிட்டருங்கண்ணா. நான்தான் அடிக்கச் சொன்னேன்."

கஸ்தூரி முன்னால் வந்தாள். "கஞ்சிக்கு வழியில்லன்னு போட்டுக்கீறீங்க. முந்தாநாளு எங்க வூட்ல கறி. நீங்க தெருவுல போறப்ப வாசன வர்லியா?"

"நீ சும்மா இரும்மா" என்றார் ஏகாம்பரம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"காலைல பட்டுக் கடைக்குப் போனேன். கல்யாணப் பொடவைக்குப் பாவு எடுத்தார. வேணு மொதலாளி சிரிச்சிகினேதான் சொன்னாரு. 'இந்த தபா சாதா பாவு எடுத்துகினு போ, ஏகாம்பரம். ஜரிகை போட்டது அப்பால பாத்துக்கலாம்'னு. பதினெட்டு வருசமா அந்தக் கடை ஜரிகை என் வூட்ல ராத்தங்குது, பொன்னுசாமி."

ஆரணிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நெசவுக்கான நெடுக்கு இழைதான் பாவு. அந்தப் பட்டு இழையையும் ஜரிகையையும் கடையில் எடை போட்டு நெசவாளி கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. அது ஒரு மாதத்துக்கு மேல் நெசவாளியின் வீட்டில் இருக்கும். காவல் கிடையாது, பத்திரம் கிடையாது. அந்த மனிதனின் பேர்தான் காவல். கஞ்சிக்கு வழியில்லாதவன் என்று ஊரெல்லாம் அச்சடித்து ஒட்டப்பட்ட ஒருவர் வீட்டுக்கு வெள்ளியை அனுப்ப எந்தக் கடைக்காரரும் ஒரு நிமிஷம் யோசிப்பார். திருடன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜரிகை இல்லாத சாதா பாவு கொடுப்பார்கள். அவ்வளவுதான். பத்து வருஷமாகப் பட்டுத் தெருவில் நடக்கிற எனக்கு இது தெரியாமல் இல்லை. அச்சில் பார்த்தபோது தோன்றவில்லை.

"கஸ்தூரி வரமாட்டா" என்றார் ஏகாம்பரம். "வேற புள்ளைய அனுப்பிக்கோ."

அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவர் பின்னால் போனாள். பேசத் தெரிந்த பெண் பேசாமல் போனது எனக்கு இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

நயினார் தேசூரிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெந்நீர் குடித்துக்கொண்டு கேட்டார். திட்டவில்லை.

"எத்தன நோட்டீசு?"

"இருநூறுங்க."

"போய்த் திரும்ப வாங்கிகினு வா."

"அதுக்கு ஒரு மறுப்பு நோட்டீசு அடிச்சிடலாங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "காயிதத்துல சொன்னது காயிதத்துல போவாது. வாயால சொல்லு."

நான்கு நாள் நடந்தேன். முதல் கடை அந்தக் கைக்குட்டைக் கடைதான். "இதுல எழுதினது பொய்ங்க. ஏகாம்பரம் வூட்ல ஒரு கொறையும் இல்ல. அடிச்சவன் நான். திருப்பிக் குடுத்துடுங்க." இந்த நாலு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கடைக்காரர் என்னையே பார்த்தார். பிறகு கல்லாவுக்குக் கீழே தேடி எடுத்துக் கொடுத்தார். இருபது கடை ஆனபோது குரல் கொஞ்சம் நிலைத்தது. முடி திருத்தும் கடைக்காரர் சுவரிலிருந்து நோட்டீசைத் தண்ணீர் தொட்டு உரித்துக்கொண்டே, "துட்டத் திருப்பித் தருவியா?" என்றார்.

"கேட்டா தரேங்க."

"வச்சிக்கோ. நீ இவ்ளோ பேசற ஆளா? நாலு வருசமா உன் தலை என் கைல கீது, வாயத் தொறந்ததில்ல."

டீக்கடையில் மிச்சம் இருந்தவற்றில் போண்டா மடித்துக் கொடுத்தாகிவிட்டது. "எண்ணெயில ஊறிப் போச்சு, எவனும் படிச்சிருக்க மாட்டான்" என்று டீக்கடைக்காரர், மேசையில் கிடந்த எண்ணெய்த் தாளைக் கொடுத்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

கடைசியாக வேணு முதலாளி கடை. அவர் எல்லாம் கேட்டுவிட்டு நோட்டீசைத் தந்தார். "நான் ஏகாம்பரத்த சந்தேகப்படலய்யா. எங்க அண்ணன் கேக்கறாரு, கடைக்கு வர்ற நாலு பேரு கேக்கறாங்க. உனக்கே தெரியும்" என்றார். பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எண்ணெய்த் தாள் உட்படக் கிடைத்த எல்லாவற்றையும் நயினார் முன்னால் வைத்தேன். தலையசைத்தார். கொடுத்தவர்கள் பெயரை மறுபடி முதலிலிருந்து எழுத ஒரு புது முழுத் தாளை எடுத்து, கோடை வகுப்பு நன்கொடையாளர்கள் என்று மேலே எழுதி என்னிடம் நீட்டினார். எங்கள் ஊரில் நன்கொடைத் தாளில் முதல் பெயருக்குத் தனி மதிப்பு. அது யார் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் எழுதுவார்கள். வழக்கமாக டாக்டரோ பெரிய பட்டுக் கடையோ இருக்கும்.

"முதல் பேரு ஏகாம்பரத்துகிட்ட வாங்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "அவருகிட்டயா? நன்கொடையா?"

"ஊர்ல எல்லாரையும் கேட்டோம். அவர மட்டும் கேக்கல. அங்க ஆரம்பிச்ச தப்பு இது. அதுல எனக்கும் பங்கு உண்டு. நோட்டீசு அப்பறம் வந்தது."

"நீங்களும் வாங்களேன்."

"நான் வந்தா எனக்காகப் போடுவாரு. நீ போ."

அடுத்த அமாவாசை வந்தது. ஏகாம்பரம் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கு இழை ஓட்டும் நாடாவுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தார். சாதா பாவு தறியில் இருந்தது. வா என்று அவர் சொல்லவில்லை. கோவிந்தம்மாதான் சொன்னார். கஸ்தூரி மூலையில் நோட்டை வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ண்ணா, நோட்டீசு எல்லாத்தையும் வாங்கிட்டேன். நான் செஞ்சது தப்பு" என்றேன். அவர் தடவிக்கொண்டே இருந்தார்.

தாளை அவர் முன்னால் வைத்தேன். "ஊருப் புள்ளைங்க மதராசுக்குப் போவுதுங்க. சங்கத்துக்கு உங்களால ஆனத எழுதணும்."

நயினார் செய்வது போல ஒரே தடவை சொன்னேன். பிறகு தெருவைப் பார்த்தேன். தெருவில் ஒரு ஆடு போனது. திரும்பி வந்தது. அவர் யாரோடு மனதில் பேசிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. வெகு நேரம் பேசினார்.

"எத்தினி புள்ளைங்க?"

"பரீட்சைல தேறினது மூணுங்க."

"போறது?"

தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன். என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் என்று பட்டது. கஸ்தூரியின் பென்சில் நின்றிருந்தது.

"பேனா குடு" என்றார். மெழுகுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாளில் முதல் வரியில் பெயரை எழுதினார். பெயருக்கு எதிரில், மூன்று பிள்ளைகளுக்கும் போக வர பஸ் சார்ஜ் என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்து, "இத கேக்கறதுக்கு இவ்ளோ நாளா, பொன்னுசாமி? மொதல்லயே கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்வேன்?" என்றார்.

தாளை எடுத்துக்கொண்டு நேராக வேணு முதலாளி கடைக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பெயரைப் படித்தார். எழுந்து போய் உள்ளே இருந்த அண்ணனிடம் காட்டினார். திரும்பி வந்து இரண்டாவது வரியில் கடைப் பெயரை எழுதினார். இரண்டு நாள் கழித்து ஏகாம்பரத்துக்கு ஆள் போனது. கல்யாணப் புடவைக்கான பாவும் ஜரிகையும் கொடுத்தார்கள். அன்று ஜரிகையை இரண்டு தடவை எடை போட்டார்களாம். அதைச் சொல்லும்போது ஏகாம்பரத்தின் முகம் நன்றாக இல்லை. எனக்கும் நன்றாக இல்லை. அதற்கு அடுத்த தடவையிலிருந்து பழையபடி ஒரே எடைதான்.

கஸ்தூரி மற்ற இரண்டு பிள்ளைகளோடு, ஒரு டீச்சர் துணையில், மதராஸ் பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "பொன்னுசாமி மாமா, இந்த தபா எதுவும் அடிச்சிடாதீங்க" என்றாள். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கோடை வகுப்புக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் சங்கத்துக்கு ஒரு கார்டு எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வாரத்தில் அவளுடைய கார்டு வந்தது. நயினாரிடம் நானே படித்துக் காட்டினேன். சாப்பாடு பரவாயில்லை, சாம்பாரில் தண்ணீர் அதிகம், கணக்கு சொல்லிக்கொடுப்பவர் வேகமாகப் போகிறார், ஆனால் எனக்குப் புரிகிறது என்று எழுதியிருந்தாள். பிறகு இப்படி இருந்தது:

"முதல் நாள் எல்லோரையும் நிற்கவைத்து, உங்களை யார் அனுப்பினார்கள் என்று கேட்டார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஏதேதோ சங்கத்தின் பெயரைச் சொன்னார்கள். நான் எங்கள் அப்பா என்று சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து வந்த மூன்று பேரையும் அவர்தான் அனுப்பினார் என்று சொன்னேன். நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்."

நயினார் சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இன்னா பொன்னுசாமி, சங்கத்து பேரு போச்சே. இத நோட்டீசு அடிச்சு ஊருக்குக் குடுக்கலாமா?"

"வேணாங்க" என்றேன். நான் சொன்ன வேகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தார்.

கார்டு சங்கத்துக்கு வந்ததுதான். ஆனால் அதைக் கோப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏகாம்பரத்தின் வீட்டுக்குக் கொண்டு போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப் பக்கத்தில் கோவிந்தம்மா உட்கார்ந்து கரை போட்டுக்கொண்டிருந்தார். ஜரிகை மினுக்கிக்கொண்டிருந்தது.

"கை வேலைல கீது. நீயே படி" என்றார் ஏகாம்பரம்.

படித்தேன். சாம்பார் வரைக்கும் தறி ஓடியது. பிறகு நின்றது. கார்டு முடிந்ததும் அவர் அறுந்த இழையைத் தேடுகிறவர் போலப் பாவின் மேல் குனிந்துகொண்டார். இழை எதுவும் அறுந்திருக்கவில்லை.

கோவிந்தம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தறி சத்தத்துல அவருக்கு சரியா கேக்கல போலகீதுங்க. இன்னொரு தபா படிங்க."

தறி ஓடவில்லை. இருந்தாலும் முதலிலிருந்து படித்தேன்.